சாட்ஸ்வர்த் முகவரிக்கு அரசு ஒப்பந்தத்தில் புள்ளி உண்டா?

வாசகர் கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில், வாடகைக் கட்டடத்தில் பதினொரு பேரை வைத்துத் தையல் கூடம் நடத்துகிறேன். ஓவரால், ஏப்ரன், மருத்துவமனைப் படுக்கை விரிப்பு முதலியவை தைக்கிறோம். ஆண்டு விற்பனை 3 மில்லியன் ரேண்டை ஒட்டி வருகிறது. தனியார் கம்பெனியாகப் பதிந்திருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சரிபாதிப் பங்கு, இருவரும் இயக்குநர்கள். கணவர் அரசுப் பள்ளியில் ஆசிரியர்; மாலையில் வந்து கணக்கைப் பார்த்துக்கொள்வார். இப்போது மாநகராட்சியின் வேலையாடை டெண்டருக்கு விண்ணப்பிக்க நினைக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன், அங்கே பின்தங்கிய பகுதிகளில் நடக்கும் தொழில்களுக்கு ‘ஹப்சோன்’ என்ற பெயரில் அரசு ஒப்பந்தங்களை ஒதுக்குகிறார்கள், தென்னாப்பிரிக்காவிலும் அப்படி ஒன்று இருக்கும், விசாரியுங்கள் என்றான். சாட்ஸ்வர்த் அந்தக் கணக்கில் வருமா? உம்சிண்டோ பக்கம் கிராமத்தில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரிக்குக் கம்பெனியை மாற்றினால் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்கிறார் கொழுந்தனார். ‘டவுன்ஷிப் சான்றிதழ்’ வாங்கித் தர ஒருவர் 8,000 ரேண்ட் கேட்கிறார். எதைச் செய்வது, எதை விடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், கேள்வியாகக் கேட்காமல் விவரமாக மட்டும் எழுதிவிட்டுப் போன ஒரு செய்தியைப் பேசியாக வேண்டும். முகவரியையும் புள்ளியையும் விட அதுதான் உங்கள் விண்ணப்பத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போகிறது. உங்கள் கணவர் மாகாணக் கல்வித் துறையிடம் சம்பளம் பெறுகிறவர். நகராட்சிகளுக்கான 2005ஆம் ஆண்டுக் கொள்முதல் ஒழுங்குவிதிகளில் 44ஆம் விதி, அரசுப் பணியில் இருக்கும் ஒருவருக்கு எந்த ஒப்பந்தமும் தரக் கூடாது என்று தடுக்கிறது. அந்தத் தடை தனிமனிதரோடு நிற்பதில்லை. ஒரு நிறுவனத்தின் இயக்குநர், மேலாளர், முதன்மைப் பங்குதாரர் ஆகியோரில் யாராவது ஒருவர் அரசுப் பணியில் இருந்தாலும் அந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடையாது. தேசிய, மாகாணத் துறைகளின் ஊழியர்கள் அனைவரும் இதில் அடங்குவார்கள். கணவர் கற்பிப்பது பள்ளியில், நீங்கள் விற்பது மாநகராட்சிக்கு என்ற வேறுபாட்டை விதி கணக்கில் எடுப்பதில்லை. தெரியாமல் விண்ணப்பித்துத் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம்; நீங்கள் பதிய வேண்டிய மத்திய வழங்குநர் பதிவேடு, இயக்குநர்களின் அடையாள எண்களை அரசு ஊழியர் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஆகவே முதல் வேலை, கணவர் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகித் தம் பங்குகளை உங்கள் பெயருக்கு மாற்றுவது. கணவன் மனைவிக்கு இடையிலான நன்கொடைக்கு நன்கொடை வரி இல்லை. மற்ற வரி விவரங்களை உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றத்தைக் கம்பெனிப் பதிவு அலுவலகத்திலும் வழங்குநர் பதிவேட்டிலும் பதிந்து, இரண்டும் ஒரே விவரத்தைக் காட்டுகின்றனவா என்று பார்த்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள். இந்த மாற்றம் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. மேலாளர் என்ற சொல்லும் விதியில் இருப்பதால், மாலை நேரத்தில் வந்து வங்கிக் கணக்கையும் விலை முடிவுகளையும் கணவரே தொடர்ந்து கவனித்தால் தடை அப்படியே நீடிக்கும். கணக்கு எழுத வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பின்னரும், கணவர் அரசுப் பணியில் இருப்பதை எம்பிடி 4 என்ற அறிவிப்புப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். வாழ்க்கைத் துணை அரசுப் பணியில் இருப்பது மட்டுமே உங்களைத் தகுதி நீக்காது; மறைத்தது பின்னால் தெரிந்தால் நிச்சயமாகத் தகுதி நீக்கும்.

இனி அண்ணன் மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்ன திட்டம் உண்மையானதுதான். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அந்தத் திட்டத்தில், குறைந்த வருமானமும் வேலையின்மையும் உள்ள பகுதிகளை அமெரிக்காவின் சிறுதொழில் நிர்வாகம் வரைபடமாக வெளியிடுகிறது. நிறுவனத்தின் முதன்மை அலுவலகம் அத்தகைய பகுதிக்குள் இருக்க வேண்டும், ஊழியர்களில் குறைந்தது 35 சதவீதம் பேர் அத்தகைய பகுதிகளில் குடியிருக்க வேண்டும். மத்திய அரசின் ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதத்தை இந்த நிறுவனங்களுக்கு வழங்குவது இலக்கு. திறந்த போட்டியில் விலை மதிப்பீட்டில் 10 சதவீதச் சலுகையும் உண்டு. அங்கே கேள்வி எளிது: வரைபடத்துக்குள் இருக்கிறீர்களா இல்லையா என்று பார்த்தால் போதும்.

நம் நாட்டில் அப்படி ஒரு வரைபடம் கிடையாது. இங்கே சலுகையின் வேர் அரசியலமைப்பின் 217ஆம் பிரிவில் இருக்கிறது. அரசின் கொள்முதல் நியாயமாகவும் வெளிப்படையாகவும் போட்டித்தன்மையோடும் செலவுக்கேற்ற பலனோடும் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, அநீதியான பாகுபாட்டால் பாதிக்கப்பட்டோருக்கு முன்னுரிமை தரவும் இடம் தருகிறது. அதை நடைமுறைப்படுத்த வந்தது 2000ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொள்முதல் கொள்கைக் கட்டமைப்புச் சட்டம். ஒரு வட்டாரம் ஏழையாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், யார் பாகுபாட்டுக்கு ஆளானார்கள் என்று கேட்பது இந்தச் சட்டத்தின் முறை. ஆனாலும் 1994இல் அரசிதழில் வெளியான மறுகட்டமைப்பு, வளர்ச்சித் திட்டத்தின் குறிக்கோள்களையும் அது ஏற்றுக்கொள்வதால், கிராமப்புறம், டவுன்ஷிப் (நிறவெறிக் காலத்தில் வெள்ளையரல்லாதோருக்கென்று ஒதுக்கிய நகர்ப்புறக் குடியிருப்பு), குறிப்பிட்ட நகராட்சி எல்லை என்று இடத்தை வைத்துப் புள்ளி தருவதற்கு வழி திறந்திருக்கிறது.

அந்த வழியை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் சமீப ஆண்டுகளில் பெரிய மாற்றம் வந்தது. 2017ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், சிறு நிறுவனங்களை மட்டுமோ, டவுன்ஷிப்பிலும் கிராமங்களிலும் பின்தங்கிய பகுதிகளிலும் வாழும் கறுப்பினத்தவர் குறைந்தது 51 சதவீதப் பங்கு வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்குக் குறைந்தது 30 சதவீத வேலையைத் துணை ஒப்பந்தமாகத் தருவோரை மட்டுமோ போட்டிக்கு அழைக்க அரசு அமைப்புகளுக்கு அனுமதி தந்தன. 2022 பிப்ரவரி 16ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த ஒழுங்குவிதிகளை வகுத்ததில் நிதியமைச்சர் தம் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று தீர்ப்பளித்தது. முன்னுரிமைக் கொள்கையை ஒவ்வொரு அரசு அமைப்பும் தனக்குத்தானே வகுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2023 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குவிதிகள் அதை ஒட்டியே எழுதப்பட்டன. 50 மில்லியன் ரேண்ட் வரையான ஒப்பந்தங்களில் விலைக்கு 80 புள்ளி, குறிப்பிட்ட குறிக்கோள்களுக்கு 20 புள்ளி. அதற்கு மேற்பட்டவற்றில் 90க்கு 10. அந்த 20 புள்ளியை எந்தக் குறிக்கோளுக்கு எவ்வளவு என்று பிரிப்பது டெண்டர் விடும் அமைப்பின் பொறுப்பு. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி ஒருவிதமாகப் பிரிக்கலாம், மாகாணச் சுகாதாரத் துறை வேறுவிதமாகப் பிரிக்கலாம், அதே மாநகராட்சியின் அடுத்த டெண்டரிலும் அது மாறலாம். ஆகையால் ‘சாட்ஸ்வர்த்துக்குப் புள்ளி உண்டா’ என்ற கேள்விக்கு எல்லா டெண்டருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆவணத்தில் எம்பிடி 6.1 என்ற படிவத்தில் ஓர் அட்டவணை இருக்கும். உங்கள் பதில் அங்கேதான் இருக்கிறது.

அட்டவணையில் ‘டவுன்ஷிப்பில் அமைந்த நிறுவனம்’ என்ற வரி இருந்தால், நீங்கள் தயங்காமல் கோரலாம் என்பதே என் கருத்து. நம் மக்களில் பலர், டவுன்ஷிப் என்றால் ஆப்பிரிக்கர் வாழும் உம்லாசியும் குவாமாஷுவும்தான், இது நம்மைப் பற்றிய பேச்சில்லை என்று எண்ணி, உரிமையுள்ள புள்ளியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். 2017ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தந்த வரையறைப்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1994 ஏப்ரல் 27 வரை எந்தக் காலத்திலாவது கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நகர்ப்புறக் குடியிருப்பு டவுன்ஷிப் ஆகும். கறுப்பினத்தவர் என்ற தொகுப்பில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் பரந்த அடிப்படையிலான கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் சட்டம் சேர்த்திருக்கிறது. குடியுரிமை நிபந்தனை மட்டும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் பேரில், கேட்டோ மேனரிலும் மேவிலிலும் க்ளேர்வுட்டிலும் வேரூன்றியிருந்த குடும்பங்களைப் பெயர்த்து, 1960களில் இந்தியருக்கென்று கட்டிய ஊர் சாட்ஸ்வர்த். மேற்சொன்ன வரையறைக்கு இதைவிடப் பொருத்தமான ஊரைத் தேட வேண்டியதில்லை. அந்த ஒழுங்குவிதிகள் இன்று நடைமுறையில் இல்லை என்பது உண்மை. எனினும் டெண்டர் விடும் அமைப்பு தன் கொள்கையில் வேறு வரையறை தராத இடத்தில், உங்கள் கோரிக்கைக்கு அது வலுவான ஆதரவு. ஐயம் இருந்தால், கெடு முடிவதற்கு முன்பே ஆவணத்தில் குறிப்பிட்ட தொடர்பு அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதி, சாட்ஸ்வர்த் இந்த வரியில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலைப் பின்னால் யாரிடமும் காட்ட முடியாது.

இந்த இடப் புள்ளியின் உண்மையான மதிப்பு எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதை மிகையாக எண்ணித்தான் பலர் முகவரியை மாற்றும் யோசனைக்குப் போகிறார்கள். ஒரு டெண்டரில் கறுப்பின உரிமைக்கு 10, பெண் உரிமைக்கு 5, டவுன்ஷிப் அல்லது உள்ளூர் இருப்பிடத்துக்கு 5 என்று 20 புள்ளியைப் பிரித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த விலை கேட்டவர் 4,00,000 ரேண்ட் கேட்கிறார். அவருக்கு விலையில் முழு 80 புள்ளியும் உரிமையில் 10 புள்ளியும் சேர்ந்து 90. மற்றவர்களின் விலைப் புள்ளி, குறைந்த விலையை விட எத்தனை சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்களோ 80இல் அதே சதவீதத்தைக் (10 சதவீதம் என்றால் 8 புள்ளியை) கழித்துக் கணக்கிடப்படும். நீங்கள் 4,40,000 கேட்டால் 10 சதவீதம் கூடுதல், எனவே 72 புள்ளி. முன்னுரிமையில் முழு 20 கிடைத்தால் மொத்தம் 92, ஒப்பந்தம் உங்களுக்கு. 4,50,000 கேட்டால் 70உம் 20உம் சேர்ந்து 90, சமநிலை. சமநிலையில் குறிக்கோள் புள்ளி கூடுதலாகப் பெற்றவருக்கே ஒப்பந்தம் என்று ஒழுங்குவிதி சொல்வதால் அப்போதும் உங்களுக்கே. 4,60,000 என்று எழுதினால் 88தான், தோற்றுவிடுவீர்கள். இந்தக் கணக்கில் இடத்துக்குரிய 5 புள்ளியின் விலை 25,000 ரேண்ட். துணியின் விலையைச் சரியாகப் பேரம் பேசாத ஒரே வாரத்தில் அவ்வளவும் கரைந்துவிடும். விலை என்று ஆவணம் சொல்வது எல்லா வரிகளும் சேர்ந்த தொகை என்பதையும் மறக்காதீர்கள்.

பெண் உரிமைக்கான 5 புள்ளியையும் கவனியுங்கள். பல ஆவணங்கள் குறைந்தது 51 சதவீதப் பங்கு பெண்களிடம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இன்றைய நிலையில் உங்கள் பங்கு 50 சதவீதம். அத்தகைய டெண்டரில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கணவரின் பங்கை முறையாக உங்களுக்கு மாற்றும்போது தடையும் நீங்குகிறது, இந்தப் புள்ளியும் சேர்கிறது.

உம்சிண்டோ முகவரியைப் பற்றிக் கொழுந்தனார் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் அந்த யோசனையை முற்றாகக் கைவிடுங்கள். உம்சிண்டோ எத்தெக்வினியின் எல்லைக்கு வெளியே, உம்டோனி நகராட்சியில் இருக்கிறது. மாநகராட்சி தன் எல்லைக்குள் இயங்கும் நிறுவனங்களுக்குப் புள்ளி தரும் டெண்டரில், இருக்கிற புள்ளியை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தையல் இயந்திரமும் ஆட்களும் சாட்ஸ்வர்த்தில் இருக்க, படிவத்தில் வேறு ஊரை எழுதுவது பொய்யான தகவல் என்பது. முன்னுரிமைப் புள்ளிக்காகப் பொய்த் தகவல் தந்தவரைத் தகுதி நீக்கலாம், ஒப்பந்தத்தை ரத்து செய்து நட்டத்தை வசூலிக்கலாம், 10 ஆண்டு வரை எந்த அரசு அமைப்பிடமும் தொழில் செய்ய முடியாதபடி தடை செய்யலாம், குற்ற வழக்குக்கும் அனுப்பலாம். 25,000 ரேண்ட் பெறுமான புள்ளிக்காகப் பதினொரு குடும்பங்களின் பிழைப்பை இப்படிப் பணயம் வைக்கலாகாது.

சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னவருக்கு ஒரு சென்ட் கூடக் கொடுக்க வேண்டாம். டவுன்ஷிப் சான்றிதழ் என்ற பெயரில் நாடு முழுதும் செல்லும் ஆவணம் எதுவும் கிடையாது. எந்தச் சான்று வேண்டும் என்று டெண்டர் ஆவணமே சொல்லும். பெரும்பாலும் நகராட்சிக் கட்டண ரசீது, குத்தகை ஒப்பந்தம், வழங்குநர் பதிவேட்டு அறிக்கை ஆகியவற்றில் ஒன்றைக் கேட்பார்கள். வழங்குநர் பதிவேட்டில் பதிவது இலவசம். பதிந்ததும் எம்ஏஏஏ என்று தொடங்கும் எண் கிடைக்கும். கறுப்பின வலுவூட்டல் நிலையைக் காட்டும் சான்றுக்கும் உங்களைப் போன்றோருக்கு முகவர் தேவையில்லை. பொது விதிகளின்படி ஆண்டு விற்பனை 10 மில்லியன் ரேண்டுக்கு உட்பட்ட நிறுவனம், வர்த்தகத் துறை வெளியிட்டிருக்கும் மாதிரிப் படிவத்தில் சத்தியப் பிரமாணம் எழுதி, காவல் நிலையத்திலோ வேறு உறுதிமொழி ஆணையரிடமோ கையெழுத்திட்டால் போதும். முழுவதும் கறுப்பின உரிமையிலுள்ள நிறுவனமாக இருந்தால் அது முதல் நிலை. பிரமாணம் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் தேதியைக் கவனியுங்கள். கோரிய புள்ளிக்குரிய சான்றை இணைக்க மறந்தால் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதில்லை, ஆனால் அந்தப் புள்ளியை நீங்கள் கேட்கவேயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் வாடகைக் கட்டடத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரியும் சேவைக் கட்டணமும் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் நிறுவனத்தின், அல்லது அதன் இயக்குநரின், விண்ணப்பத்தை நிராகரிக்க அதே 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் 38ஆம் விதி வழி செய்கிறது. கூடத்தின் தண்ணீர், மின்சாரக் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், யார் எதைச் செலுத்துகிறார் என்று தெளிவாகச் சொல்லும் குத்தகை ஒப்பந்தத்தை இணையுங்கள். வாய்ப் பேச்சில் நடக்கும் வாடகையாக இருந்தால் இப்போதே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இயக்குநர் என்ற முறையில் உங்கள் சொந்த வீட்டுக் கணக்கும் இதில் பார்க்கப்படும். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள், அல்லது நகராட்சியோடு தவணை ஏற்பாடு செய்து அந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையான சார்ஸ் தரும் வரி இணக்கக் குறியீட்டெண், தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் நற்சான்றுக் கடிதம் ஆகியவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆடைத் தொழில் என்பதால் தேசியப் பேரப் பேச்சு மன்றத்தின் இணக்கச் சான்றையும் கேட்கலாம். இல்லையென்றால் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

ஒப்பந்தம் கிடைத்தால், பெரிய ஒப்பந்ததாரர்களிடமிருந்து 30 சதவீதம் உள்ளூர் நிறுவனங்களுக்கு வந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தும் குழுக்கள் உங்களையும் தம்மோடு சேரச் சொல்லலாம். அப்படி ஒரு பொது உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. 2017ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில், 30 மில்லியன் ரேண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் இயலுமான இடத்தில் குறைந்தது 30 சதவீதத்தைத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்றிருந்ததையே திரித்துப் பேசுகிறார்கள். நம் மாகாணத்தில் கட்டுமான இடங்களில் இதன் பேரால் நடந்த மிரட்டல்களைத் தடுக்கவே 2024 நவம்பரில் டர்பனில் தேசிய மாநாடு கூட்டப்பட்டது. விலகியே இருங்கள்.

பணம் வரும் வேகத்தையும் முன்கூட்டி யோசியுங்கள். விலைப்பட்டியல் கிடைத்த 30 நாளுக்குள் நகராட்சி பணம் செலுத்த வேண்டும் என்று நகராட்சி நிதி நிர்வாகச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது, ஆயினும் தாமதம் பழகிப்போன ஒன்று. துணிக்கடைக்காரர் கையில் ரொக்கம் கேட்பார், தையற்காரர்களுக்கு வாரக் கூலி போக வேண்டும். இரண்டு மாதம் பணம் வராவிட்டாலும் தாங்கும் அளவுக்கு மட்டும் முதல் டெண்டரைத் தேர்ந்தெடுங்கள். 2024 அக்டோபரில் பழைய சிறுதொழில் முகமைகளான சேடாவையும் சேஃபாவையும் இணைத்து உருவான சிறுதொழில் வளர்ச்சி, நிதி முகமையில் நடைமுறை மூலதனக் கடனைப் பற்றி இப்போதே விசாரிப்பது நல்லது. ஒப்பந்தம் கையில் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

2024 ஜூலையில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பொதுக் கொள்முதல் சட்டம், டவுன்ஷிப், கிராமப்புற, பின்தங்கிய பகுதி நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களை ஒதுக்கி வைக்கும் முறையை மீண்டும் கொண்டுவருகிறது. அது நடைமுறைக்கு வரும் தேதியைத் தனி அறிவிப்பால் நிர்ணயிக்க வேண்டும். எனவே ஒவ்வொரு டெண்டரிலும் முதல் பக்கங்களில் எந்தச் சட்டத்தின்கீழ் அது விடப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். கௌடெங் மாகாணத்தின் 2022ஆம் ஆண்டு டவுன்ஷிப் பொருளாதார வளர்ச்சிச் சட்டத்தைக் காட்டி யாராவது ஏதாவது சொன்னால், அது அந்த மாகாணத்துக்கு மட்டும் உரியது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் முயற்சியில் கிடைக்காவிட்டால், முடிவுக்கான காரணங்களையும் உங்களுக்குத் தந்த புள்ளி விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். கொள்முதல் முடிவுக்கு எதிரான ஆட்சேபத்தை 14 நாளுக்குள்ளும், நகராட்சி அமைப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீட்டை, அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் தர வேண்டும். டவுன்ஷிப் வரியில் உங்களுக்குப் பூஜ்யம் போட்டிருந்தால், சாட்ஸ்வர்த் எந்தச் சட்டத்தால் எவருக்காக உருவானது என்பதை இரண்டு பத்தியில் எழுதி, குத்தகை ஒப்பந்தத்தையும் முன்பே பெற்ற மின்னஞ்சல் பதிலையும் இணைத்து அனுப்புங்கள்.